சூபர்வைசருக்கு ஒரு விருந்து

அந்த மேசை துடைக்கும் துணியின் நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. பழவேற்காட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த மெஸ் அது. முந்தின ஆள் துப்பிவிட்டுப் போன முள்ளையும் சிந்திய குழம்பையும் அந்தத் துணியால் தரையில் வழித்துத் தள்ளி, அதாலேயே நாற்காலியையும் ஒரு இழுப்பு இழுத்து, அதையே தோளில் போட்டுக்கொண்டு "இன்னா சாப்டுறீங்க" என்று கேட்க வந்துவிடுவார் அங்கே பரிமாறுகிற அண்ணன். அவர் கொண்டுவந்து வைக்கும் தண்ணீர் டம்ளர்களுக்குள் அவருடைய விரல்கள் குளித்துக்கொண்டிருக்கும். மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படித்துக்கொண்டிருந்த நான், வாயைத் திறந்தால் ஈ உள்ளே போய்விடும் என்று உதட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு அங்கே விருந்து வைத்தது என் அப்பா. எங்கள் வீடு மீஞ்சூர் காலனியில். அப்பா கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் பல வருஷமாகக் "கான்ட்ராக்ட்" ஆளாகவே உலைச் சூட்டில் வெந்துகொண்டிருந்தார். யாரைப் "பர்மனென்ட்" ஆக்கலாம் என்று மேலே சொல்கிறவர் அவருடைய சூபர்வைசர். ஆரணிப் பக்கம் நெல் வயலும் பம்பு செட்டும் உள்ள குடும்பத்து மனிதர். அப்பாவின் தோளில் கைபோட்டுப் பேசுவார், டீக்கடையில் அப்பா வாங்கித் தரும் டீயை உறிஞ்சிக் குடிப்பார், ஆனால் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால் பைக்கை விட்டு இறங்காமல் ஹாரன் அடித்து அப்பாவை வெளியே வரச் சொல்லுவார். கத்திரி வெயிலில் அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டியபோதும், "தாகமே இல்லம்மா" என்று சொல்லிவிட்டு முகத்து வியர்வையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"ஊட்டுக்குக் கூப்டா வரமாட்டாரு. ஓட்டலுன்னா சம்சாரத்த கூட்டிக்கினு வருவாரு" என்றார் அப்பா.

"ஏன், நம்ம ஊட்டு சோத்துல இன்னா, மண்ணா கீது?" என்றாள் அம்மா. அந்த வருஷம் விட்டால் அப்புறம் பர்மனென்ட் கிடையாது என்று கம்பெனியில் பேச்சு. அம்மாவுக்கும் அது தெரியும். நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பழவேற்காட்டில் அப்போது ஒரு வழக்கம் உண்டு. படகு வந்ததும் கரையிலேயே மீனைப் பார்த்து நாமே வாங்கி, மெஸ்ஸில் கொடுத்துவிட்டால், ஆக்கி இலையில் போடுவார்கள். அம்மாதான் செவுளைத் தூக்கிப் பார்த்து, சினை வைத்த மடவையாகப் பொறுக்கி எடுத்தாள். மீனை அவளிடம் விட்டுவிட்டு, சூபர்வைசருக்கும் அவர் மனைவிக்கும் டச்சுக்காரர் கல்லறைகளைக் காட்ட அப்பா கூட்டிப்போனார். நானும் அம்மாவும் மெஸ்ஸின் பின்கட்டுக்குப் போனோம்.

அந்தச் சமையல்கட்டை நினைத்தால் இப்போதும் வாயில் எச்சில் ஊறுகிறது, துப்புவதற்காக. எத்தனையோ நாள் பொரித்த எண்ணெய் வாணலியில் தார் மாதிரி கறுத்துக் கிடந்தது. மீன் கழுவிய தண்ணீர் தரையிலேயே தேங்கி, அதில் பூனை ஒன்று குடலைக் கவ்விக்கொண்டு நின்றது. ஆக்குகிறவருக்குக் காய்ச்சல், வரவில்லை என்று மெஸ்காரம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், மடவையை உப்பும் மஞ்சளும் போட்டு அலசினாள், புது எண்ணெய் வாங்கிவரச் சொன்னாள், மாங்காய் அரிந்து போட்டுக் குழம்பு கூட்டினாள். வந்த விருந்தாளிகளுக்கு வயிற்றைக் கெடுக்கும் சோற்றைப் போடக்கூடாது, அவ்வளவுதான் அவள் நினைத்தது.

அவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அம்மா எங்கே என்று அப்பா உட்பட ஒருவரும் கேட்கவில்லை. அந்த அழுக்கு மேசையில், ஈயை இடது கையால் ஓட்டிக்கொண்டே, விரல் மிதந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டே, சூபர்வைசர் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். மீன் தலையை உறிஞ்சிய சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

"இதான்யா கொழம்பு! ஓட்டல் கைப்பக்குவம் ஊட்ல வருமா?" என்றார்.

அவர் மனைவி, "யாரு வச்சதுன்னு கூப்டு கேளுங்க. நானும் கத்துக்கினு போறேன்" என்றார்.

பரிமாறுகிற அண்ணன் உள்ளே பார்த்து, "யக்கோவ், உன்னத்தான் கூப்புடுறாங்க" என்று குரல் கொடுத்தார். அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நான்தான் வச்சேன்மா. நல்லா கீதா? உள்ள அந்த எண்ணெயப் பாத்துட்டு எனுக்கு மனசே வர்ல."

சூபர்வைசர் மனைவியின் கை வாய்க்குப் போகிற வழியிலேயே நின்றது. உருண்டையை இலையில் போட்டார், இலையை மூடினார், எழுந்து பின்னால் குழாயடிக்குப் போனார். அவர் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. சூபர்வைசர் அம்மாவைப் பார்க்கவே இல்லை. "இன்னா மாணிக்கம், ஓட்டலுன்னுதான சொன்ன?" என்றார்.

அப்பா எழுந்து நின்றார். குழம்பு ஒட்டியிருந்த கையையும் சேர்த்துக் கும்பிட்டு, "எனுக்குத் தெரியாது சார். தப்பா நெனச்சிக்காதீங்க சார்" என்றார். அதுவரை நான் பார்த்த ஈயும் பூனையும் கறுப்பெண்ணெயும் அந்தக் கும்பிடுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அவர்கள் பைக்கில் ஏறுகிறவரை அப்பா பின்னாலேயே ஓடினார். அம்மா அந்த அம்மாள் உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "எனுக்கு ஒரு எல போடுண்ணா" என்று சொல்லி, சட்டியில் மிச்சமிருந்த சினையை எனக்குப் பாதி வைத்துவிட்டு, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டு நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள். பர்மனென்ட் ஆனவர்களில் அப்பா இல்லை. "உன் கொழம்பாலதான்" என்று அவர் கத்தும்போதெல்லாம் அம்மா, "மூணு தபா வாங்கித் துன்னான் இல்ல, எனுக்கு அது போதும்" என்பாள்.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த மெஸ்ஸும் இல்லை. இப்போது அங்கே ஏசி போட்ட ஓட்டல், சிவப்புச் சாயத்தில் முக்கியெடுத்த மீன், நாம் பார்த்து வாங்கிய மீனை நீட்டினால் காவலாளி ஒருமாதிரி பார்க்கிறார். நான் கும்மிடிப்பூண்டியில்தான் ஒரு கம்பெனி ஆபீஸில் வேலை செய்கிறேன். அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு என்று கேன்டீனில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போது சொல்வார்கள், நானும் தலையாட்டுவேன். சென்ற மாதம் காலனியிலேயே வீட்டை இடித்துக் கட்டிமுடித்து, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள், அம்மா மீன் குழம்பு வைப்பாள் என்று எல்லோரையும் கூப்பிட்டேன். "வீட்ல எதுக்கு மேடம் அம்மாவுக்குச் சிரமம்? பழவேற்காட்டுல எங்கயாச்சும் ட்ரீட் குடுத்துடுங்க. அங்க எந்த ஓட்டல் நல்லா இருக்கும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அம்மா பையைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு, "எத்தினி பேரு வராங்க? எவ்ளோ மீனு வாங்கட்டும்?" என்றாள்.

"நம்ம ரெண்டு பேருக்கு வாங்கும்மா" என்றேன்.