மதகடியில் இறங்குகிறவர்

2023 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்தேன். ஜீப்பின் எஞ்சின் ஒயிலும் ரேடியேட்டர் தண்ணீரும் பார்த்தேன், இரண்டும் குறையவில்லை. ஐந்து நாற்பதுக்குத் தெரணியகலை பேக்கரியில் நாற்பது இறாத்தல் பாண் ஏற்றினேன். ஆறு பத்துக்கு வீட்டு வாசலில் மனைவி ஏறிக்கொண்டாள். மடியில் அவளுடைய பை, பைக்குள் முழங்காலுக்குப் பூசும் தைலம். மழை ஐந்து மணிக்கே பிடித்திருந்தது.

பதினொரு வருடமாக எங்கள் காலை இதுதான். தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு நான் பாணும் மளிகையும் கொண்டுபோகிறேன். அவள் அங்கே பிள்ளை மடுவத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். தாய்மார் கொழுந்து பறித்துவிட்டு வரும்வரை பத்தொன்பது பிள்ளைகள் அவள் பொறுப்பு. அதில் ஒரு கைக்குழந்தை அவள் கையால் புகட்டினால்தான் பால் குடிக்கும்.

மதகு வரை தார் ரோடு. அதற்கு மேலே மூன்று கிலோமீட்டர் சேறும் கல்லும். அங்கே நாலு சக்கரமும் இழுத்தால்தான் ஜீப் ஏறும். அதற்கு முன்பக்கச் சக்கரங்களின் நடுவில் இருக்கும் ஹப் லொக் இரண்டையும் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். வீட்டிலேயே பூட்டிக்கொண்டு கிளம்ப முடியாது. எங்கள் ஜீப்பின் முன் அக்சல் அதனுடையது இல்லை; பழையது வெடித்தபோது ஒரு பிக்கப்பிலிருந்து கழற்றி மாட்டியது. அதற்காக வெட்டி ஒட்டிய ஷாஃப்ட், பூட்டியபடி தார் ரோட்டில் ஓடினால் உதறித் தள்ளிவிடும். ஆகவே மதகடியில் நிறுத்துவோம். அவள் இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் முன்னும் குந்தி, பூட்டிவிட்டு, பொனற்றில் இரண்டு தட்டுத் தட்டுவாள். நான் லீவரைப் போடுவேன். பின்னேரம் வரும்போது அதே இடத்தில் திறந்துவிடுவாள். மேல் டிவிஷனில் அவளுக்குக் கண்டக்டர் அக்கா என்றே பெயர்.

மே மாதத்தில் கேகாலை டாக்டர், இனிமேல் குந்தவே கூடாது என்று சொல்லிவிட்டார். மடுவத்தில் அவளுக்கு நாற்காலி உண்டு, குனிகிற வேலைகளைப் பார்க்க இன்னொரு பெண்ணும் உண்டு. மதகடியில் ஒன்றும் இல்லை. ஜூன் நடுவில் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"இந்த மாசத்தோட வேலைய நிப்பாட்டிரலாம்னு பாக்குறேன். தோட்டத்துத் தொரைக்கு ஒரு கடிதம் எழுதிக் குடுங்க. ஒங்க கையெழுத்துதான் அழகு."

எழுதித் தருகிறேன் என்றேன். எழுதவில்லை. மறுநாளே டவுனில் பழைய வாகன சாமான் விற்கும் நானாவிடம் போனேன். பலமுறை அலைந்த பிறகு, உடைக்க வந்த ஒரு வேகன் அவரிடம் கிடைத்தது. அதன் ஹப் லொக் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை. லீவரைப் போட்டு வண்டியை நகர்த்தினால் போதும், யாரும் இறங்க வேண்டாம்.

"பல்ல எண்ணிப் பாருங்க," என்றார் நானா. "எண்ணாம கொண்டு போனா ஒங்களுக்கு ராவைக்கு நித்திரை வராது."

எண்ணினேன். என் அக்சல் முனையில் எத்தனை பல்லோ அத்தனை. ஆறு போல்ட் துளைகளும் நேராக வந்தன. ஜூலை ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வேலை. பழையவற்றைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் பூசி, பிஸ்கட் டின்னில் வைத்தேன். புதியவற்றை மாட்டினேன். திங்கட்கிழமை வெயில். மதகடியில் நிறுத்தாமலே ஏறினோம். அவள் கை மட்டும் பழக்கத்தில் கதவுக் கைப்பிடிக்குப் போய், திரும்பி மடிக்கு வந்தது. அது சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை, மதகுக்கு மேலே இரண்டாவது வளைவில் கொழுந்து டிராக்டர் எதிரே இறங்கி வந்தது. அதற்கு வழிவிட ஜீப்பைப் பின்னால் எடுத்தேன். இந்த வகை ஹப், பின்னால் எடுத்தால் பூட்டு விட்டுவிடும், முன்னால் நகர்ந்தால் மறுபடி பிடிக்கும். வலது பக்கம் பிடித்தது. இடது பக்கம் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் விட்டால் இரண்டு பக்கமும் விட்ட மாதிரிதான். பின் சக்கரங்கள் சேற்றில் சுற்ற, ஜீப் மெல்ல மெல்லப் பின்னால் வழுக்கி, ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் ஒரு சக்கரத்தை இறக்கியது. நான் பிரேக்கை மிதித்தபடி இருந்தேன்.

"கல்லு வைக்கணும்," என்றேன்.

அவள் ஏற்கெனவே இறங்கியிருந்தாள். மழையில் ஒரு கல்லைத் தூக்கி வந்து, பின் சக்கரத்துக்குக் கீழே குந்தி வைத்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன்: மட்கார்டைப் பிடித்திருந்த கை மட்டும் தெரிந்தது.

டிராக்டரிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்தான். "அண்ணே, கண்டக்டர் அக்கா கல்லு வெக்கிறாங்க. நீங்க சீட்டுல குந்திக்கிட்டு ஜீப்புக்குப் பாரம் குடுக்குறீங்களா?"

கல் தாங்கியதைப் பார்த்து இறங்கினேன். அவளை இரண்டு கையாலும் தூக்கி வரப்பில் உட்கார வைத்தேன். முகத்தில் வலி இருந்தது, கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள். "கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"மதகடி மட்டமான எடந்தானே?"

"ஆமா."

"ஹேண்ட் பிரேக் போட்டா நிக்குந்தானே?"

"நிக்கும்."

"அப்ப வேற வண்டி சாமானத் தேடி இவ்வளவு அலைஞ்சதுக்கு, நீங்களே எறங்கியிருக்கலாமேங்க."

கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். மூன்று கிழமை அலைந்திருக்கிறேன், பல் எண்ணியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஜீப்புக்கடியில் கிடந்திருக்கிறேன். இந்த ஒரு வழி என் தலைக்கு வரவே இல்லை.

டிரைவர் சங்கிலி போட்டு, சரி என்பதற்குச் சிங்களத்தில் "ஹரி, ஹரி, எடுங்க," என்று இழுத்துவிட்டான். ஆறு இறாத்தல் பாண் நனைந்திருந்தது. மடுவத்தில் பிள்ளைகள் அவளுக்காகக் கதவோரம் நின்றார்கள். கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய் நாற்காலியில் விட்டேன்.

அன்று பின்னேரம் வீடு வந்ததும், ஜீப் கணக்கு எழுதிவைக்கும் என் பழைய டயரிகளை எடுத்துப் பார்த்தேன். அவள் முதல்முதலாக இறங்கிய நாளைத் தேட வேண்டியிருந்தது. கிடைத்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது கிழமை. எனக்குக் காய்ச்சல், "நீங்க நனையாதீங்க, நான் திருப்பிட்டு வர்றேன்," என்று அவள் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. என் குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: 'காய்ச்சல் 101. மழை. ஹப் லொக் இரண்டும் சரியாகப் பூட்டின.' யார் பூட்டினார்கள் என்று எழுதவில்லை. காய்ச்சல் மூன்று நாளில் விட்டது; அதையும் எழுதியிருக்கிறேன். நாலாவது நாள் நான் ஏன் இறங்கவில்லை என்பது மட்டும் எங்கும் இல்லை. பதினொரு டயரியிலும் கிரீஸ் பூசிய தேதிகள் உண்டு, மாற்றிய வாஷர்கள் உண்டு. ஒரு நாளைக்கு நாலு முறை குந்தியவள் ஒரு வரியிலும் இல்லை. அந்தப் பெருக்கல் கணக்கை நான் போடவில்லை.

அவள் கட்டிலில் கால் நீட்டித் தைலம் பூசிக்கொண்டிருந்தாள். அந்த வரியை அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"சரியாத்தானே எழுதியிருக்கீங்க," என்றாள். "ரெண்டும் சரியாத்தான் பூட்டிச்சு."

"கடிதம் எழுதவா?"

முழங்காலில் தைலத்தைத் தேய்த்தாள். "அந்தப் புள்ள இன்னைக்கு ரெண்டு தடவ பால் குடிச்சிச்சு," என்றாள். பிறகு, "மொதல்ல நீங்க நாளைக்கு எப்புடி எறங்குறீங்கன்னு பாக்குறேன்."

மறுநாள் காலை நாலே முக்காலுக்கு எழுந்ததும், தேநீருக்கு முன்பே, பிஸ்கட் டின்னைத் திறந்து பழைய ஹப் லொக்குகளை மாட்டினேன். ஆறு போல்ட் ஒரு பக்கம், ஆறு போல்ட் மறு பக்கம். பிறகு வாசலிலேயே ஒத்திகையாக ஒரு முறை பூட்டிப் பார்த்தேன். இடது சக்கரத்தின் முன் குந்தித் திருப்பினேன். சுற்றிப் போய் வலது சக்கரத்தின் முன் குந்தித் திருப்பினேன். என் முழங்காலும் சத்தம் போட்டது. எழுந்து பொனற்றில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

அவள் டோர்ச்சுடன் கதவடியில் நின்றிருந்தாள். வெளிச்சத்தை வலது சக்கரத்தில் அடித்தாள்.

"அது முழுசாத் திரும்பல. கொஞ்சம் பின்னால விட்டு, கட்டைவிரலால அமுக்கித் திருப்பணும். மறுபடி குந்துங்க."

குந்தினேன்.

"இப்ப சரி," என்றாள். "கடிதம் எழுத வேணாம்."