ரப்பர் முகமூடி

சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்கு ஒருவனை அனுப்பியவன் நான். ஜப்பான்காரன் பிடித்துப் போனான் என்றே இத்தனை காலம் ஊராரிடம் சொல்லி வந்தேன்.

மலாயாவில் சிரம்பானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்போது கணக்கெழுதி, பங்கு அரிசி அளந்து கொடுக்கும் கிராணியாக இருந்தேன். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பங்களாவில், இத்தாலிய நகைச்சுவை நாடகங்களைப் பற்றிய படப் புத்தகம் ஒன்று கிடைத்தது. மாலையில் லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த ஆட்களுக்கு அதைக் காட்டினேன். அடுக்கடுக்கான மாடங்கள் கொண்ட பழைய ஓப்பரா இசைநாடக அரங்கின் படத்தைப் பார்த்து ஒரு பால்மரத் தொழிலாளி கேட்டான்.

"என்னாங்கய்யா, நம்ம லயத்த ஒன்னு மேல ஒன்னா அடுக்கி வெச்சிருக்கான்! மேல் லயத்துக்காரன் எச்சி துப்புனா கீழ இருக்கறவன் கதி?"

எல்லாரும் சிரித்தார்கள். மரவள்ளிக்கிழங்கு தின்று நாள் ஓட்டிய காலத்தில் அதுவே பெரிது. அந்த நடிகர்களுக்கு எழுதிய வசனம் கிடையாது, முகமூடி மாட்டிக் குரலை மாற்றி வாயில் வந்ததைப் பேசுவார்கள், பெண்களும் நடிப்பார்கள் என்று விளக்கினேன். முகமூடிக்குள் யார் என்று கேட்கக் கூடாது என்ற விதியையும் நானே போட்டேன்.

விற்க வழியில்லாமல் கிடந்த ரப்பர் ஷீட்டை வெட்டி, தணலில் வாட்டி முகமூடி செய்தார்கள். கோயில் திடலில் நாடகம். கஞ்சக் கிழவன் வேடம் என்னைப் போலவே இருமிக்கொண்டு வந்தது. அரிசிப் படியை விரலால் வழித்தது.

"இந்தா புடி உன் பங்கு. கீழ சிந்துனது கிராணி வீட்டுக் கோழிக்குலா!"

கூட்டம் புரண்டு சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். கிழவன் போட்டிருந்த ஒட்டுப்போட்ட காக்கிச் சட்டை யாருடையது என்று எனக்குத் தெரியும். லயத்தை அடுக்கியதாகச் சொன்னவனுடையது.

சில வாரத்தில் ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ஆள் கேட்டார்கள். அவனுக்குக் கைக்குழந்தை இருந்ததால் முதலில் பட்டியலில் சேர்க்காமல் விட்டிருந்தேன். ஆட்களை மேய்க்கும் மண்டோர், "இன்னும் ஒரு ஆளு கொறையுதுங்கய்யா" என்றபோது அவனைக் காட்டினேன். அவன் திரும்பவில்லை.

ஜப்பான் சண்டை முடிந்ததும் அவன் மனைவியிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். குழந்தையைப் படிக்க வைக்கிறேன் என்றும் சொன்னேன். அவள் குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு அவருக்குக் காய்ச்சல்யா. வீட்டுல படுத்திருந்தாரு. சட்டதான் அவருது. உள்ள இருந்தது நான்."

என் பாரத்தை இறக்கப் போனவன், அதை அவள் தலையில் வைத்துவிட்டு வந்தேன்.

அந்த வாரமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் தோட்டத்தை விட்டுப் போனாள். செண்டாயான் பக்கம் ஒரு தோட்டத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். என்னைக் கண்டதும் ரப்பர் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு மரங்களுக்குள் நடந்துவிட்டாள்.