அத்தான் அறைக்குள் வந்த நாள்

என் அக்காவின் கணவர் முடிதிருத்துபவர். தெருவில் அவருக்கு 'சோப்பு' என்று பேர். ஒரு தலை முடிந்ததும் முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அடுத்த தலையைத் தொடுவார். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க மாட்டார். தடுமாறி யார் மடியிலாவது போய் விழுவார், அதற்கு மட்டும் கூச்சம் கிடையாது.

அக்கா பக்கவாதம் வந்து படுக்கையானபோதுதான் அந்தச் சுத்தத்தின் லட்சணம் எனக்குப் புரிந்தது. அவளுக்குப் பேச்சு கொஞ்சம் குழறும், புத்தி மட்டும் தெளிவு. அத்தான் அன்றிலிருந்து அறை வாசலோடு சரி. மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, "சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா?" என்று செய்தி வாசிப்பவர் போலக் கேட்டுவிட்டு நழுவிவிடுவார். கழுவுவது, துடைப்பது, படுக்கைப் புண்ணுக்கு மருந்து போடுவது எல்லாம் கீழ்வீட்டில் இருக்கும் என் தலையில். கூடப்பிறந்தவளுக்குச் செய்ய எனக்கென்ன கசப்பு? ஆனால் நான் துடைத்துக்கொண்டிருக்கும்போதும் அவள் கண் வாசலிலேயே இருக்கும். அவர் ஒரு தடவை உள்ளே வர வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான், வானத்திலிருந்து ஒரு பெரிய கல் வருகிறது, அதோடு உலகம் முடிந்தது என்று நாள் குறித்தார்கள். முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு அது பட்டப்பகலிலேயே கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. உடனே எங்கள் குடியிருப்புச் சங்கத்தார் மலைக்குப் போக ஒரு பஸ் பிடித்தார்கள். உலகமே போகிறதாம், இவர்கள் மட்டும் மலைமேல் உட்கார்ந்திருப்பார்களாம்! மூன்றாம் மாடிக்காரி மிக்சியை அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அள்ள ஆளில்லாமல் குப்பை படிக்கட்டு வரை வழிந்து புழு நெளிந்தது. அதை மிதித்துக்கொண்டே ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டார்கள். சீ, மனிதர்களா இவர்கள்?

சங்கச் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அத்தானிடம், "உங்களுக்கு ஒரு சீட் வெச்சிருக்கோம். அங்கயும் முடி வெட்ட ஆள் வேணுமில்ல? ஆனா வீட்ல அவங்கள... தப்பா நினைக்காதீங்க, வாடை தாங்காது. குழந்தைங்கல்லாம் வர்றாங்க" என்றார். அக்கா காதில் விழும்படியே சொன்னார்.

அத்தான் மாட்டேன் என்று சொல்லவில்லை. "யோசிச்சு சொல்றேன் சார்" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது இதில்? அத்தானைப் பார்க்கவே எனக்குக் குமட்டியது.

பஸ் கிளம்பும் காலையில் அக்காவுக்குப் படுக்கையிலேயே எல்லாம் ஆகிவிட்டிருந்தது. நான் வாளியும் துணியுமாகப் போனேன். அவள் நல்ல கையால் போர்வையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நீ வேணாம்டி."

"பின்ன யாரு வருவா? இப்படியே நாறிக்கிட்டுக் கிடக்கப் போறியா?"

"அவர் வரட்டும். வரலன்னா இப்படியே போய்ச் சேர்றேன்."

அத்தான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தோளில் கடைப் பை. கீழே பஸ் ஹாரன் அடித்தது.

"அத்தான், உள்ள வாங்க, இல்ல கீழ போங்க. ரெண்டுல ஒண்ணு பண்ணித் தொலைங்க!" என்று கத்தினேன்.

உள்ளே வந்தார். கட்டிலை நெருங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினார். வாந்தி எடுப்பது கேட்டது. அவ்வளவுதான், இனி வர மாட்டார் என்று நினைத்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, என்னிடம் வெந்நீர் கேட்டார். பிறகு அந்த மனிதர் செய்ததைக் கேளுங்கள். பையிலிருந்து கடைத் துணியை எடுத்து உதறி, அக்காவின் கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டார். கழுவ வேண்டிய இடம் எங்கே இருக்கிறது, துணியை எங்கே கட்டுகிறார்! "தலைய கொஞ்சம் சாய்ங்க" என்று வேறு சொன்னார், கட்டிய மனைவியிடம்.

அக்கா சிரித்துவிட்டாள். ஒரு பக்கம் அசையவில்லை, மறு பக்கம் முழுவதும் சிரித்தது. படுத்த நாளிலிருந்து நான் அதைப் பார்த்ததில்லை.

அவர் சிரிக்கவில்லை. முகத்தைச் சுளித்தபடியே துடைத்தார். புண்களைக் கண்டதும் கண்ணை மூடினார், திறந்தார், மறுபடி துடைத்தார்.

"நாறுதுடி" என்றார். குரல் உடைந்திருந்தது.

"எத்தனை வருஷமா நாறுறேன். இன்னைக்குத்தான் கிட்ட வந்திருக்கீங்க" என்றாள் அக்கா.

கீழே பஸ் கிளம்பிப் போனது. அவர் தலையைத் தூக்கவில்லை. இதற்காக அவரை மெச்ச எனக்கு மனம் வரவில்லை. இந்த ஆள் வாசலிலிருந்து கட்டில் வரை வர ஒரு உலகமே முடிய வேண்டியிருந்தது.

அழுக்குத் துணிகளை அள்ளக் குனிந்தேன்.

"நீ போய் உன் வீட்டைப் பாருடி. அவர் பாத்துப்பாரு" என்றாள் அக்கா.

பார்த்துப்பாராம்! வயிறு எரிந்தது. அவள் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. வாளியை அவரிடமே விட்டுவிட்டுக் கீழே வந்து கையைக் கழுவினேன். மாடியில் எனக்கு இனி வேலை இல்லை.