காரைக்காலில் வெள்ளி மாலை ஏழு மணி

இந்த ஊரில் பாட்டுக் கச்சேரிக்குப் போனால் வாசலிலேயே காதை அடைத்துக்கொள்ள நுரைப்பஞ்சு கொடுக்கிறார்கள். ஆரஞ்சு நிறத்தில், விரல் நுனி அளவில், ஆளுக்கு இரண்டு. முதல் முறை நான் அதை மிட்டாய் என்று நினைத்து வாயருகே கொண்டுபோய்விட்டேன். டிக்கெட் பார்க்கும் பெண் பதறிப்போய்த் தன் காதைத் தொட்டுக் காட்டினாள். பிரான்சில் இந்த லியோனுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. இன்னும் அந்தப் பஞ்சை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்கிறேனே தவிர, ஒரு நாளும் காதில் வைத்ததில்லை. எங்கள் காரைக்காலில் ஒரு பக்கம் அம்மன் கோயில் மைக் செட், இன்னொரு பக்கம் மாதா கோயில் கொடியேற்றம், அதற்கப்பால் தர்கா கந்தூரி என்று குழாய் ஸ்பீக்கர்கள் முழங்கிய வாரங்களிலும் பரீட்சைக்குப் படித்துத் தேறியவள் நான். காசு கொடுத்துப் பாட்டுக் கேட்க வந்துவிட்டு, பாதியை வெளியே நிறுத்துவதற்கு எனக்கு மனம் வருவதில்லை.

கச்சேரி என்றதும் வீணையும் மிருதங்கமும் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்குப் பித்து இண்டி ராக். பெரிய கம்பெனி யாரும் பின்னால் இல்லாமல், நாலு பேர் சேர்ந்து ஒரு கார் ஷெட்டிலோ படுக்கையறையிலோ கிடாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு தாங்களே பதிவு செய்கிற பாட்டு. குரல் கொஞ்சம் பிசிறும், கிடார் கொஞ்சம் இரையும். காரைக்கால் பக்கத்துக் கோட்டுச்சேரியில் வளர்ந்த பெண்ணுக்கு இது எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று என் புகுந்த வீட்டார் இன்றைக்கும் கேட்கிறார்கள். கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் ஒட்டிக்கொண்டது. அங்கே என் பக்கத்து நாற்காலி கலைவாணி. புரோகிராம் எழுத வேண்டிய நேரத்தில் இருவரும் ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்குத் தாவிக்கொண்டிருப்போம். பாடுகிறவன் சொல்வது பாதிதான் புரியும். புரிந்த பாதியில் மழை இருக்கும், ரயில் இருக்கும், வராமல் போன ஒருத்தி இருப்பாள். எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. புது ஆல்பம் வருகிறது என்று தெரிந்தால் அந்த வாரம் முழுக்கக் காய்ச்சல்தான். எந்தப் பாட்டை ஏன் முதலில் வைத்தார்கள், கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஏன் இப்படி ஒரு குட்டிப் பாட்டு என்று நாங்கள் ஆராய்ந்த ஆராய்ச்சியில் பாதியைப் பாடத்தில் காட்டியிருந்தால் இருவரும் தங்கப் பதக்கம் வாங்கியிருப்போம்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளையும் காரைக்கால்தான், ஆனால் குடும்பத்தில் பெரியவர்கள் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால் வழிவழியாகப் பிரெஞ்சுக் குடியுரிமை. நான் இங்கே வந்து ஒரு பள்ளிக்கூடக் கான்டீனில் வேலைக்குச் சேர்ந்தேன். கலைவாணி திருநள்ளாற்றில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் ஆனாள். புது ஆல்பங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வெளியாகும். அதனால் இருவரும் ஒரு விதி போட்டுக்கொண்டோம். வெள்ளிக்கிழமை அவளுக்கு மாலை ஏழு மணி, எனக்குப் பிற்பகல் மூன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. சனிக்கிழமைக் கூட்டத்துக்காக அன்று மாலையே திருநள்ளாற்றுச் சாலையில் வண்டிகள் நெருக்கத் தொடங்கிவிடும். அவள் பஸ் மாறி வீடு வந்து சேர அந்த நேரம் ஆகும். நானும் கான்டீன் பாத்திரங்களை மெஷினில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். போனில் ஒருவரையொருவர் அழைத்து, ஒன், டூ, த்ரீ சொல்லி, அவரவர் வீட்டில் அவரவர் பட்டனை ஒரே நேரத்தில் அழுத்துவோம். அதற்கு முன் ஒரு பாட்டைக்கூடக் கேட்கக் கூடாது, விமர்சனம் படிக்கக் கூடாது. அவளுக்கு நெட் அடிக்கடி நின்றுவிடும். நின்றால், “ரோசி, எனக்கு நின்னுடுச்சு, உனக்கு?” என்று குரல் வரும். நானும் நிறுத்திக்கொண்டு காத்திருப்பேன். ஐந்து வருடம் இப்படி ஓடியது. நான் ஊரை விட்டு வந்துவிட்டேன் என்று அந்த நாற்பது நிமிடம் எனக்குத் தோன்றாது.

லியோனில் எனக்கென்று ஒரே ஓர் இடம்தான் இருந்தது. ஆற்றங்கரைக்கு மேலே, ஏற்றமான ஒரு சந்தில், இசைத்தட்டு விற்கும் கடை. கடைக்காரர் பெயர் ழெரோம். நான் முதல் முறை போனபோது, வட இங்கிலாந்தில் ஏதோ ஒரு சின்ன ஊரிலிருந்து வந்த ஒரு குழுவின் தட்டைக் கேட்டேன். என் பிரெஞ்சு புரியவில்லையோ, என் முகம் மட்டும் புரிந்ததோ, அவர் உற்சாகமாக உள்ளே போய் ஒரு சித்தார் தட்டை எடுத்துவந்து சுழலவிட்டார். இலையில் வைத்ததை வேண்டாம் என்று ஒதுக்கி எனக்குப் பழக்கமில்லை. நின்றபடியே ஒரு பக்கம் முழுக்கக் கேட்டுவிட்டு “மெர்சி” சொன்னேன். வினை அதில்தான். அடுத்தடுத்த முறைகளில் எனக்காகவே சித்தார் தட்டுகளைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். அதற்கு முன் வாழ்நாளில் சித்தார் கச்சேரி கேட்டிராத நான், பிரான்சுக்கு வந்து அதில் தேர்ச்சி பெற்றேன். மூன்று மாதம் கழித்துத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, எனக்கு வேண்டியது இது இல்லை என்று விரலால் சுவரில் இருந்த ஒரு தட்டைக் காட்டினேன். அவர் என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அதிலிருந்து நண்பரானார் என்று சொல்ல முடியாது. ஆனால் நான் நுழைந்தால் தலையை ஆட்டுவார். இங்கே அதுவே பெரிய விஷயம்.

போன இளவேனிலில், ஒரு வியாழக்கிழமை வேலை முடிந்து அந்தக் கடைக்குப் போனேன். எனக்கும் கலைவாணிக்கும் உயிரான ஒரு குழு, நாலு வருட மௌனத்துக்குப் பிறகு மறுநாள் புது ஆல்பம் வெளியிட இருந்தது. முன்பதிவு செய்யத்தான் போனேன். உள்ளே ழெரோமும் நாலைந்து வாடிக்கைக்காரர்களும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பிரித்த அட்டைப்பெட்டி மேஜைமேல் கிடந்தது. அவர் ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளி, “நாளைக்குத்தான் விற்பனை. ஆனால் நம் ஆட்கள் இன்றைக்கே கேட்கலாம்” என்றார்.

நம் ஆட்கள். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் கையில் கொடுத்தபோதுகூட இந்த நாட்டில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. காரைக்கால் என்றால் எந்த நாடு என்று கேட்பவர்களுக்கு நடுவே ஆறு வருடமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். கலைவாணியின் முகம் மனதில் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வந்தும் உட்கார்ந்தேன். ஆல்பம் அற்புதமாக இருந்தது. மூன்றாவது பாட்டில் எல்லா வாத்தியமும் திடீரென்று நின்று, பத்து வினாடி ஒன்றுமே இல்லாமல், பிறகு மொத்தமாகத் திரும்பி வந்தது. நாங்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன்.

மறுநாள் மூன்றரை மணிக்கு எதுவும் நடக்காததுபோல் கலைவாணியோடு ஒன், டூ, த்ரீ சொன்னேன். முதல் பாட்டுக்கு “ஐயோ” என்றேன். இரண்டாவதற்கு “என்னடி இது” என்றேன். என் நடிப்பை நானே மெச்சிக்கொண்டேன். மூன்றாவது பாட்டு வந்தது. நின்றது.

“ரோசி, எனக்கு நின்னுடுச்சு, உனக்கு?”

“இரு, வந்துடும்” என்றேன்.

வந்தது. மீதி ஏழு பாட்டும் ஓடி முடிந்தன. பிறகுதான் கேட்டாள்.

“வரும்னு உனக்கு எப்படிடி தெரியும்?”

சொன்னேன். கடை, நாற்காலி, எல்லாவற்றையும். அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“எனக்கு நேத்து ராத்திரி பன்னெண்டுக்கே வந்துடுச்சு. காலையில பஸ்ல கையிலதான் இருந்துச்சு. மத்தியானம் ரெண்டு பீரியட் சும்மாதான் உக்காந்திருந்தேன். நான் தொடலியே” என்றாள். பிறகு, “நீ முன்னாடி கேட்டதுகூட பரவால்லடி. அங்க உனக்கு ஆளு கெடச்சிருக்காங்க, நல்லதுதான். எனக்கு இங்க யாரு இருக்கா? கேக்காதவ மாதிரி எங்கூட உக்காந்து ஐயோ ஐயோன்னியே, அதான்” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் எடுக்கவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. நல்ல ஆல்பங்கள் வந்த மாதம் அது. ஒவ்வொன்றும் என் போனில் வந்து நின்றது. தனியாகக் கேட்கத் தொடங்கி, இரண்டாவது பாட்டிலேயே நிறுத்திவிடுவேன். “ஒரு பாட்டுக்காகவா இத்தனை?” என்றார் என் கணவர். நல்ல மனிதர், பாட்டு ஓடினால் சத்தம் குறைப்பார், அவ்வளவுதான் அவருக்கும் இசைக்கும் உறவு. ழெரோம் கடைக்கும் போகப் பிடிக்கவில்லை. நாற்காலி போட்டவர்மேல் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? ஆனாலும் கோபமாக இருந்தது. மூன்று மாதம் எனக்கு ஊரும் இல்லை, இந்த ஊரும் இல்லை.

முந்தாநாள் மழைக்கு ஒதுங்கத்தான் அந்தக் கடைக்குள் மறுபடி நுழைந்தேன். பழைய தட்டுகள் கிடக்கும் பெட்டியில் சும்மா விரலை ஓட்டினேன். கடற்கரையில் கவிழ்ந்து கிடக்கும் ஒரு நீலப் படகின் படம் வந்தது. கை நின்றுவிட்டது. எங்கள் கல்லூரி இரண்டாம் வருட ஆல்பம் அது. ஒரே ஒரு ஆல்பத்தோடு கலைந்துபோன குழு, தங்கள் பாட்டுகளை இலவசமாக இறக்கிக்கொள்ள விட்டிருந்தார்கள். லேபில் இறக்கி என் போனில் ஏற்றியிருந்தோம். அந்தப் போன் மழையில் செத்த பிறகு, எந்தச் செயலியிலும் அது எங்களுக்குக் கிடைக்கவே இல்லை.

ழெரோம் ஒன்றும் கேட்காமல் தட்டைச் சுழலவிட்டு, பெரிய ஹெட்போனை என்னிடம் நீட்டினார். ஜன்னலோரம் இரண்டு ஸ்டூல்கள் இருந்தன. ஒன்றில் உட்கார்ந்து கேட்டேன். இரண்டாவது பாட்டில் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம். ஆனால் அதில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். பாடுகிறவனுக்குப் பின்னாலேயே, மெல்லிய குரலில், ஒவ்வொரு வரிக்கும். இப்படி ஒருத்தி அந்தப் பாட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது. ஹெட்போனின் ஒவ்வொரு பக்கத்தையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தேன். அவள் இடது காதில் மட்டும் இருந்தாள்.

அப்போதுதான் புரிந்தது. கோட்டுச்சேரியிலிருந்து கல்லூரிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் ஒரே இயர்போன். கலைவாணி ஜன்னலோரம், இடது பக்கம். நான் அவளை ஒட்டி வலது பக்கம். ஆளுக்கு ஒரு காது. வீட்டு அறையில் பதிவு செய்த அந்தக் கற்றுக்குட்டிக் குழு, பெண் குரலை இந்தப் பக்கமும் டிரம்ஸை அந்தப் பக்கமும் பிரித்துவைத்திருக்கிறது. ஒரு வருடம் முழுக்க ஒரே பாட்டைக் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, தோளோடு தோள் இடித்துக்கொண்டு, இருவரும் வேறு வேறு பாட்டைக் கேட்டிருக்கிறோம்.

போனை எடுத்து அவளுக்கு எழுதினேன். “கலை, நீலப் படகு ஆல்பம் கெடச்சிடுச்சு. உன் பக்கத்துல ஒரு பொண்ணு பாடுறாடி. எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்.”

தட்டின் முதல் பக்கம் முடிந்து, முள் தூக்கிக்கொண்டு நின்றது. பிறகுதான் பதில் வந்தது.

“நீயும் கேக்குறேன்னுதான்டி நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

இன்னொன்று வந்தது.

“என் பக்கம் டிரம்ஸே கெடையாது. நீ என் மடியில தட்டிக்கிட்டே வருவ. அதான் எனக்கு டிரம்ஸ்.”

ஜன்னலில் மழை. கண்ணாடி வழியே ஒன்றும் தெரியவில்லை, என் கண்ணும் ஒரு காரணம். மூன்றாவது செய்தியும் வந்தது.

“வெள்ளிக்கிழமை புதுசு ஒண்ணு வருதாம். கேட்டுத் தொலச்சிடாத.”

ழெரோமிடம் மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னேன். வலது பக்க ஹெட்போனைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, இடது காதால் மட்டும், அவள் கேட்டதை அவள் கேட்டதுபோலவே கேட்டேன். அந்தப் பெண் பாடினாள். டிரம்ஸ் இல்லை. என் இடது கை, பக்கத்தில் இருந்த காலி ஸ்டூலின்மேல் தானாகத் தட்டத் தொடங்கியது.