நான் காளையாக நின்ற வகுப்பு

டென்மார்க்கின் எஸ்பியர்க் நகருக்கு வெளியே, இறைச்சிக்கு மாடு வளர்க்கும் விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். வகுப்புகளுக்கு அழைப்பு அனுப்புவது, கோப்பி ஊற்றுவது, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்குவது, இவ்வளவும்தான் என் பொறுப்பு. மாட்டைத் தொட்டதே இல்லை.

ஓர் ஒக்டோபரில், மாட்டிடம் அடிபடாமல் வேலை செய்வது எப்படி என்று ஒரு வகுப்பு வைத்தோம். பண்ணையில், உண்மையான காளையோடு நடப்பதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் எங்கள் பாதுகாப்புப் பொறுப்பாளர் படிவத்தைப் பார்த்துவிட்டுக் காளையைத் தடுத்துவிட்டார். காரணம், காளை ஆபத்தானது. வகுப்பே அதைப் பற்றியதுதானே என்று பயிற்சியாளர் எவ்வளவு சொல்லியும் அந்த மனிதர் அசையவில்லை.

மறுநாள் காலை பன்னிரண்டு விவசாயிகள் றப்பர் பூட்ஸோடு முற்றத்தில் நின்றார்கள். பயிற்சியாளர் என்னைப் பார்த்தாள்.

"காளைக்குப் பதிலா நீ நிண்டால் காணும். தலையைக் குனிய வேண்டாம்."

விவசாயிகள் ஒவ்வொருவராக என்னை ஓட்டிக்கொண்டுபோய் இரும்புக் கூண்டுக்குள் விடவேண்டும். மாட்டுக்கு ஊசி போடும்போது அசையாமல் நிறுத்தும் கூண்டு அது. முதலில் வந்தவர் ஓர் அகலமான கிழவர். அவருடைய காளையே ஒருமுறை அவர் விலாவை முறித்திருந்ததாம். மனைவி அவர் பெயரைப் பதிந்துவிட்டதால் வந்திருந்தார்.

"நாப்பது வருசமா மாட்டோட நிக்கிறன். எனக்கு என்ன படிப்பிக்கப் போறியள்?" என்றபடி கைகளை வீசிக்கொண்டு நேரே என் மேல் வந்தார். நான் அலறிக்கொண்டு பின்னால் பாய்ந்தேன்.

"பாத்தியளே, காளை பயந்திட்டுது. பயந்த மாடுதான் இடிக்கும். தோளுக்குக் கொஞ்சம் பின்னாலை நில்லுங்கோ. ஒரு அடி வையுங்கோ. பிறகு பொறுங்கோ," என்றாள் பயிற்சியாளர்.

அவர் அப்படியே செய்தார். "ஸோ, ஸோ," என்று மெல்லச் சொன்னார். என் கால்கள் தாமாகவே முன்னால் போயின. அலுவலகத்தில் ஒருவரும் என்னோடு அவ்வளவு கனிவாகக் கதைத்ததில்லை. கூண்டுக்குள் நுழைந்ததும் கதவு விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

கதவின் கொளுக்கி இறுகிவிட்டது. பண்ணைக்காரர் டிராக்டருக்கு ஏதோ வாங்க நகரத்துக்குப் போயிருந்தார். அதற்குள் பத்து மணி ஆகிவிட்டது. டென்மார்க்கில் பத்து மணிக் கோப்பி யாருக்காகவும் காத்திருக்காது. எனக்குக் கம்பிக்கு இடையால் வெண்ணெய் பூசிய பன் தந்துவிட்டுப் போனார்கள். அந்த நேரம் பார்த்து என் கணவர் அழைத்தார்.

"எங்கை நிக்கிறீர்? பின்னேரம் ஜெபக்கூட்டத்துக்குச் சமைக்க வேணுமெல்லே?"

"மாட்டுக் கூண்டுக்குள்ளை நிக்கிறன்."

"ஏன்?"

"இண்டைக்கு நான்தான் காளை."

"அப்ப மாடு எங்கை?"

"மாடு ஆபத்தாம்."

"சரி, நான் சோறு வைக்கிறன்," என்றார்.

கிழவர் மட்டும் கோப்பியோடு என் பக்கத்தில் நின்றார். படலையில் காற்றில் ஆடிய மஞ்சள் மழை அங்கியைக் காட்டி, கூண்டுக்கு வரும் வளைவில் அது கண்ணில் பட்டதும் என் கால் தயங்கியது என்றேன். போய் அதை எடுத்து மடித்துவைத்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"விலா முறிஞ்ச அண்டைக்கு எனக்கு ஓட இடம் இருக்கேல்லை," என்றார்.

அதற்கு என்ன செய்யலாம் என்று பயிற்சியாளரிடம் போய்க் கேட்டார். பட்டியின் மூலையில் ஆள் நுழையவும் மாடு நுழையாமலிருக்கவும் ஓர் இடைவெளி விடச் சொன்னாள். உடனே கிழவர் சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, கம்பிக்கு இடையால் என்னை அளந்தார். "பக்கவாட்டாத் திரும்பு," என்றார். அளவைக் கடதாசிக் கோப்பையில் எழுதிக்கொண்டார். பண்ணைக்காரர் வந்து ஒரே சுத்தியலடியில் என்னை வெளியே விட்டார்.

வசந்தத்தில் தெரியாத இலக்கத்திலிருந்து ஓர் அழைப்பு. அந்தக் கிழவர். கன்று போட்ட பசு அவரைத் துரத்தியிருக்கிறது.

"மூலையிலை விட்ட இடைவெளியாலை வெளியிலை வந்திட்டன்," என்றார்.

பிறகு குறை சொல்லத் தொடங்கினார். "உன்ரை அளவுக்கு வைச்சது பிழை. காற்சட்டை ஆணியிலை மாட்டிக் கழண்டு உள்ளுக்கை விழுந்திட்டுது. என்ரை ஃபோனும் அதுக்கைதான். பசு அதுக்கு மேலை படுத்திருக்கு. இது மனுசியின்ரை ஃபோன்."

"அடி ஏதும் படேல்லையே?" என்று கேட்டேன்.

"இல்லை," என்றார். "தொடைதான் குளிருது."