குழாயே இல்லாத தெரு

திருச்சி பாலக்கரையில் நூறு வீடுகளுக்குமேல் உள்ள ஒரு தெருவுக்கு ஒரே குழாய்தான். இன்னொன்று வேண்டுமென்று 1958இல் மனு எழுதிய லூர்து, பத்திர எழுத்தர் ஒருவரிடம் பன்னிரண்டு வருஷம் நகலெடுத்தே எழுத்து வேலையைப் பழகியவர். ஒரு சொல் பிசகினாலும் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுவார். ஆனால் நகராட்சிக்குப் போட்ட மூன்று மனுவுக்கும் பதில் வரவில்லை. நான்காவதைச் சட்டசபை உறுப்பினர் தர்மராஜுக்கு எழுதும்போது, ‘எங்கள் தெருவில் குழாயே இல்லை’ என்று எழுதிவிட்டார். தெருப் பெண்களுக்கு வாசித்துக் காட்டுகையில் மட்டும், ‘ஒரு குழாய் போதவில்லை’ என்றார். அறுபது கைநாட்டு விழுந்தது.

தர்மராஜ் அதைச் சபையில் கேள்வியாகக் கொடுத்தார். கேள்வி அமைச்சரின் இலாகாவுக்குப் போகும், அங்கிருந்து திருச்சிக்கு வரும், விசாரித்த பிறகே பதில் தயாராகும் என்று சொல்லியும் இருந்தார். தெருவுக்கே ஆள் வந்து பார்ப்பார்கள் என்று லூர்து நினைக்கவில்லை.

கேள்வி வரும் நாளில் பட்டணம் போய், பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தார். அமைச்சர் நிதானமாக வாசித்தார்: “குழாய் இருக்கிறது. பதினான்காம் எண் வீட்டு வாசலில், ஏழு வருஷமாக.”

சபை சிரித்தது. பதினான்கு லூர்துவின் வீடு. துணைக்கேள்வி கேட்கத் தர்மராஜுக்கு உரிமை இருந்தது. இரண்டாவது குழாயை அப்போதுகூடக் கேட்டிருக்கலாம். கையிலிருந்த மனுவை ஒருமுறை பார்த்துவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்தபின் அவர் திட்டவில்லை. “உங்க தெருவை நான் பார்த்ததில்ல, லூர்து. உங்க காகிதத்தைத்தான் பார்த்தேன்” என்றார். உள்ளதை உள்ளபடி எழுதி, எல்லாரிடமும் புதிதாகக் கையெழுத்து வாங்கி வந்தால் அடுத்த கூட்டத்தில் கேட்பதாகச் சொன்னார்.

ஊர் திரும்பியபோது, மனுவில் கைநாட்டு வைத்திருந்த மயிலம்மாள்தான் என்ன ஆயிற்று என்று குழாயடியில் முதலில் கேட்டாள். லூர்து குடங்களைப் பார்த்தபடியே நடந்ததைச் சொல்லி முடித்தார்.

“அப்ப நாங்க பொய் சொன்னதாத்தான் மெட்ராஸ்ல சிரிச்சாங்களா, அண்ணே?”

அன்றிரவே லூர்து புது மனு எழுத உட்கார்ந்தார்.

மறுநாள் புது மனுவோடு வந்து, வாசிக்கத் தொண்டையைக் கனைத்தார்.

“நீங்க இருங்க. அமிர்தம் வாசிக்கட்டும்” என்றாள் மயிலம்மாள்.

அமிர்தம் நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். தாளை வாங்கி, எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஒவ்வொரு வரிக்கும் வெகுநேரம் ஆயிற்று. தன் வாசலிலேயே லூர்து தலைகுனிந்து நின்றார். கடைசிச் சொல்வரை கேட்டுவிட்டு, அமிர்தத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள் மயிலம்மாள். பிறகுதான் மை தொட்டுக்கொள்ளப் பெருவிரலை நீட்டினாள்.