கண்ணாடிக்காரருக்கு ஒரு ஓட்டு

தேர்தல் வந்தால் எங்கள் தெருவில் எல்லார் வாசலிலும் கும்பிடு விழும், என் வாசலைத் தவிர. பாகூர் பக்கம் நிற்கிற வேட்பாளர்கள் எல்லாருக்கும் என்னைத் தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சி, "சின்னத்த மறந்துடாதக்கா" என்று சொல்கிற ஆள், என்னைப் பார்த்ததும் சும்மா ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டுவார். எனக்கு இங்கே ஓட்டுக் கிடையாது. என் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். அந்த வழியில் எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. பிறந்ததிலிருந்து பாகூர் ஏரித் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்கிறேன். ஓட்டுப் போடுவதோ கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கிற ஜனாதிபதிக்கு. அந்த ஊரை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

அதனால் அந்த ஓட்டைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட்டதும் இல்லை. பாண்டிக்குப் போவேன், வரிசையில் முன்னால் நிற்கிறவர்கள் சொல்கிற பெயர்ச் சீட்டை எடுத்து உறையில் போடுவேன், வருகிற வழியில் மீன் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். எவர் வந்தாலும் என் வீட்டு மாட்டுக்குத் தீனி நான்தானே வைக்க வேண்டும்.

மருமகள் வந்த பிறகுதான் அந்த ஓட்டுக்கு ஒரு வேலை வந்தது.

என் மகன் பன்னிரண்டாவது முடித்ததும் பிரான்சுக்குப் போனவன். அங்கே ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. அவன் அப்பா இறந்த மறு வருஷம் லீவில் வந்தபோது, மண்ணாடிப்பட்டுப் பக்கம் கரும்பு போடுகிற குடும்பத்தில் பெண் பார்த்தோம். பட்டப்படிப்பு படித்த பெண். பெண்ணை அவனுக்குப் பிடித்திருந்தது. அவனே என்னிடம் சொன்னான். முறைப்படி, முதலில் பாண்டியில் கொன்சுலாவில், பிரெஞ்சுத் தூதரக ஆபீசில், கல்யாண அறிவிப்பு ஒட்டி, அவர்கள் சரி என்ற பிறகுதான் தாலி கட்ட வேண்டும். குடியுரிமைக்காரர் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் சம்பந்தி வீட்டில் இந்த முகூர்த்தத்தை விட்டால் அப்புறம் நல்ல நாள் இல்லை என்றார்கள், அவனுக்கு லீவும் முடிகிறது. வில்லியனூர் கோயிலில் தாலி கட்டிவிட்டு, "நீ போயி அங்கேருந்து பேப்பர அனுப்பு, அப்புறம் கொன்சுலால எழுதிக்கலாம்" என்று ரயிலேற்றுகிற மாதிரி அவனை ஏற்றி அனுப்பிவிட்டோம். இப்படி முகூர்த்தத்துக்குப் பயந்து கொன்சுலாவைப் பின்னால் தள்ளுகிற கூத்து எங்கள் பக்கத்தில்தான் நடக்கும்.

பேப்பர் வரவில்லை. கேட்டால், "அங்க இழுக்கிறாங்கம்மா, கெவர்மெண்ட்டு ரொம்ப மோசம்" என்பான். நாங்கள் நம்பினோம். கெவர்மெண்ட்டு மோசம் என்றால் எந்த ஊரில்தான் நம்பமாட்டார்கள்!

அவள் என்னோடு இருந்தாள். காலையில் டவுன் பஸ்ஸில் பாண்டிக்குப் போய் பிரெஞ்சு படித்துவிட்டு வருவாள். மதியம் வந்து, மாட்டைப் பார்த்து 'வியேன்' என்று கூப்பிடுவாள், 'வா' என்று அர்த்தமாம். மாடு அசையாது. "அதுக்கும் குடியுரிமை வாங்கிக் குடுடி, அப்பதான் வரும்" என்பேன். என் வயிற்றில் பெண் பிறக்கவில்லை. இவள் வந்த பிறகு அந்தக் குறை எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பிரான்சில் ஜனாதிபதி தேர்தலுக்கு முன்னால், ஒரு கட்சியில் யாரை நிறுத்துவது என்று ஓட்டு வைத்தார்கள். எங்கள் தொகுதியில் ஒரே கட்சியில் நாலு பேர் சீட்டுக்கு அடித்துக்கொள்வார்கள், மேலிடம் ஒருத்தருக்குக் கொடுக்கும், மீதி மூன்று பேரும் மறுநாளே சுயேச்சையாக மாலை போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். அங்கே அப்படி இல்லையாம். சீட்டு யாருக்கு என்று ஜனங்களையே கேட்கிறார்கள். கட்சிக்காரராக இருக்க வேண்டியதில்லை, பெயர் பதிந்துகொண்டால் வெளிநாட்டில் இருப்பவர்கள் போனிலேயே போடலாம். மருமகள்தான் இதைக் கண்டுபிடித்து எனக்குப் பெயர் பதிந்து வைத்தாள்.

"இந்தத் தபா அந்தக் கட்சிதான் ஜெயிக்கும்னு பேசிக்கிறாங்கத்த. அதுல நல்லவங்களா பாத்து நிறுத்திட்டா எனக்கு விசா சீக்கிரம் வந்துடும்" என்றாள்.

விதைக்கு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரிக்கிற நாட்கள் அவை. சாயங்காலம் இரண்டு பேரும் கூடத்தில் முறத்தை நடுவில் வைத்துக்கொண்டு உட்காருவோம். அவள் போனைச் சுவரில் சாய்த்து வைத்து, ஒவ்வொருத்தர் பேச்சையும் ஓடவிட்டு எனக்குச் சொல்வாள். பெயர்கள் என் வாயில் நுழையவில்லை, அதனால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். ஒருவர் தாடிக்காரர். ஒருவர் கண்ணாடிக்காரர். இன்னொருத்தி ஏதோ ஒரு டவுனில் மேயராக இருந்தவள், மேயரம்மா.

"தாடிக்காரரு இன்னாடி சொல்றாரு?"

"அவரு வெவசாயத்தப் பத்தியே பேசறாருத்த. எங்கப்பாவுக்குப் புடிக்கும். விசா பத்தி ஒண்ணும் காணோம்."

"அப்ப அவரு உங்கப்பாவுக்கே இருக்கட்டும். அடுத்த ஆளப் போடு."

கண்ணாடிக்காரர் பேச ஆரம்பித்ததும் அவள் உரிக்கிற கை நின்றுவிட்டது. "வெளிநாட்டுல கல்யாணம் பண்ணிக்கினா, பொண்டாட்டிய கூப்டுக்க வருசக் கணக்குல காத்திருக்கணும்னு சட்டம் போடுவாராம். இங்கயே பிரெஞ்சு பரீட்சயும் எழுதணுமாம். பரீட்ச பரவால்லத்த, எழுதிடுவேன்."

"அந்த ஆளுக்குப் பொண்டாட்டி இல்லியா?"

"இருக்காங்க. எல்லாப் படத்துலயும் பக்கத்துலயே நிக்கிறாங்க."

"அவருக்கு மட்டும் பக்கத்துலயே நிக்கணும், ஊரான் வூட்டுப் பொண்ணு வருசக் கணக்கா காத்துக் கெடக்கணுமா? கட்டையில போறவன்!" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மேயரம்மா, புருஷன் பெண்டாட்டியைப் பிரித்து வைப்பது அரசாங்கத்தின் வேலை இல்லை என்று பேசியிருந்தாள். அந்த இடத்தை மருமகள் எனக்காகத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினாள். அதற்குமேல் எங்களுக்கு எடை போட ஒன்றும் இல்லை.

முதல் சுற்றில் மேயரம்மாவுக்குப் போட்டேன். தாடிக்காரர் தோற்று, மேயரம்மாவும் கண்ணாடிக்காரரும் மிஞ்சினார்கள். அடுத்த வாரம் இரண்டாம் சுற்று. மருமகள் கேசரி கிளறினாள். மேயரம்மா ஜெயித்தாலும் அப்புறம் பெரிய தேர்தலிலும் ஜெயித்தால்தான் ஜனாதிபதி என்பதெல்லாம் அந்தக் கேசரிக்கு முன்னால் எங்களுக்கு நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகன் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டாள். நான்தான் ஆர்வமாக ஆரம்பித்தேன்.

"டேய், நீயும் பேரு பதிஞ்சிருக்கியா? மேயரம்மாவுக்குப் போட்டுடு. கூட வேல செய்யற நம்ம ஆளுங்ககிட்டயும் சொல்லு."

"இல்லம்மா, நான் கண்ணாடி போட்டுக்கினு ஒருத்தர் வர்றாரே, அவருக்குத்தான் போட்டேன். இப்பவும் அவருக்குத்தான் போடப்போறேன். நீயும் அவருக்கே போடு. இங்க வர்றவங்க கூட்டம் தாங்கலம்மா."

நான் அவனுக்குச் சங்கதி தெரியவில்லை என்றே நினைத்தேன். "அவரு வந்தா ஒம்பொண்டாட்டிய வுடமாட்டாருடா" என்றேன்.

மருமகள் போனைக் கையில் எடுத்தாள். பிறகு அவளே கேட்டாள்: "அவரு வந்தா நான் வர முடியாதுங்களே, ஒங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்" என்றான். "நீ இங்க வந்து இன்னா செய்யப்போற? அம்மாகூட அங்கயே இரு."

"பேப்பரு?" என்று நான் கேட்டேன்.

"நான் அனுப்பலம்மா. இன்னும் கையெழுத்தே போடல. எனக்கு இங்க எல்லாம் வேற மாதிரி ஆயிடுச்சு" என்றான்.

நான் என்னென்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. நீ மனுசனாடா என்றேன். செத்தாலும் அந்தக் கண்ணாடிக்காரனுக்குப் போடமாட்டேன், என் கொள்ளிக்குக்கூட நீ வராதே என்றேன். எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். அவன் வைத்துவிட்டான். பெற்ற வயிறு எரிவது என்று சொல்வார்களே, அது சும்மா சொல்கிற பேச்சு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவள் அழவில்லை. முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு மிச்சம் இருந்த மல்லாட்டையை உரித்தாள். கெவர்மெண்ட்டைத் திட்டித் திட்டி நாங்கள் காத்திருந்த அத்தனை நாளும் அந்தக் கெவர்மெண்ட்டுக்கு இவள் ஒருத்தி இருப்பதே தெரியாது.

அடுத்த நாட்களில் அவனைப் பலமுறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அவள் பிரெஞ்சு வகுப்புக்குப் போவதை நிறுத்தவில்லை. ஊரில் யாராவது "இன்னாமா, எப்பக் கெளம்பற?" என்று கேட்டால், "விசா வரணுங்க" என்று பழைய பதிலையே சொன்னாள். அந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் நான் உள்ளே போய்விடுவேன்.

இரண்டாம் சுற்று ஓட்டு முடிகிற அன்று மதியம் அவளே போனை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்த, ஓட்டுப் போடணும்."

"இனிமே எனக்கு எவன் வந்தா இன்னா? நீயே மேயரம்மாவ அமுக்கிடு."

"வேணாம்த்த. கண்ணாடிக்காரருக்கே போடுங்க."

"பைத்தியமாடி ஒனக்கு?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவரு ஜனாதிபதியா வந்துட்டா, அந்த நாட்டுல சட்டம் மாறிடுச்சு, என்ன வுடமாட்டேன்றாங்கன்னு எங்கம்மா வூட்ல சொல்லிக்கலாம். ஊர்லயும் சொல்லிக்கலாம். சட்டம் வேணாம்னு சொன்னா அதுல ஒண்ணும் அசிங்கம் இல்லத்த. கட்னவரு வேணாம்னு சொல்லிட்டாருன்னு எப்டித்த சொல்றது?"

நான் அவள் தலையை இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் அழுதாள். கட்டிய நாளிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் அழுதாள். நானும் அழுதேன். பிறகு எழுந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இரண்டு படங்களையும் என் முன்னால் நீட்டினாள். மேயரம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்த ஆள்.

பெற்ற பிள்ளை கேட்டபோது செத்தாலும் போடமாட்டேன் என்று கத்திய ஓட்டை, அவன் வேண்டாம் என்று விட்டவள் கேட்டதும் போட்டேன்.

"பதிவாயிடுச்சுத்த" என்றாள். திரையில் இன்னும் ஏதோ எழுத்து வந்தது. இன்னாடி அது என்று கேட்டேன்.

"நன்றி சொல்றாங்க" என்றாள்.